வகுப்பறையில் புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள்: 'ஹக்கிள்பெரி ஃபின்' மீதான 140 ஆண்டு வழக்கு

1885 மார்ச் மாதம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கான்கார்டு ஊரின் பொது நூலகக் குழு, ஒரு புதிய நாவலை அலமாரியில் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தது. மார்க் ட்வெய்ன் எழுதிய 'ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்' அமெரிக்காவில் வெளியாகி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நடை முரடு, பேச்சில் பண்பில்லை, படிப்பவரை உயர்த்தும் அனுபவம் எதுவும் கதையில் இல்லை, கண்ணியமான குடும்பங்களைவிடக் குடிசைப் பகுதிகளுக்கே இது பொருத்தம் என்றது குழு. 1905இல் நியூயார்க்கின் புரூக்ளின் பொது நூலகம் இதே நாவலைச் சிறுவர் பிரிவிலிருந்து விலக்கியபோது காரணம் இன்னும் துல்லியமாக இருந்தது. ஹக்குக்கு உடம்பு அரித்தால் அவன் சொறிந்துகொள்கிறான். வியர்வைக்குப் படித்தவர்கள் சொல்லும் சொல் ஒன்று இருக்க, தெருவில் புழங்கும் சொல்லைச் சொல்கிறான்.

கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு வசைச்சொல் இந்த நாவலில் 200 தடவைக்கு மேல் வருகிறது. அன்று பதிவான குற்றச்சாட்டுகளில் அது இடம்பெறவே இல்லை. இன்று இந்த நாவலைப் பற்றி எங்கே விவாதம் எழுந்தாலும் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது.

காலம் மாறியது, மனப்பான்மை மாறியது, நாவலின் மதிப்பும் மாறியது என்று இதைச் சுருக்கிச் சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி விளக்கம்தான். மனப்பான்மை தானாக மாறுவதில்லை. அதுவரை வாசகராகவே கணக்கில் எடுக்கப்படாத ஒருவர் வந்து உட்கார்ந்து, அதே பக்கத்தைப் படித்து, 'எனக்கு இது இப்படிப் படுகிறது' என்று சொல்லும்போதுதான் மற்றவர்களின் வாசிப்பும் அசைகிறது. கான்கார்டு குழு கவலைப்பட்டது வெள்ளைக்காரச் சிறுவர்களின் நடத்தையைப் பற்றி. ஒரு கறுப்பினச் சிறுமி அந்தப் புத்தகத்தைத் திறப்பாள் என்ற எண்ணமே அந்தக் கணக்கில் இல்லை.

கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1840-களை ஒட்டிய காலம். அடிமை முறை நிலவிய மிசூரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர். குடிகாரத் தந்தையிடமிருந்து தப்பி ஓடும் ஹக்குக்கு 13 அல்லது 14 வயது. மிஸ் வாட்சன் என்ற பெண்மணியின் அடிமை ஜிம். 800 டாலருக்குத் தன்னை நியூ ஆர்லியன்ஸ் பக்கம் விற்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் அவனும் ஓடிவிடுகிறான். இருவரும் ஒரு தெப்பத்தில் ஆற்றோடு போகிறார்கள். ஆற்றின் எதிர்க்கரையிலேயே இல்லினாய் இருக்கிறது. அது அடிமை முறை இல்லாத மாநிலம். ஆனால் விடுதலைப் பத்திரம் கையில் இல்லாத கறுப்பரைப் பிடித்து அடைக்க அங்கேயும் சட்டம் இருந்தது. அதனால் கெய்ரோ என்ற ஊர் வரை தெற்கே போய், அங்கிருந்து நீராவிக் கப்பலில் ஓஹையோ ஆற்றின் மேல்போக்கில் வடக்கே ஏறுவது என்று திட்டமிடுகிறார்கள். மூடுபனியில் கெய்ரோவைத் தவறவிட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஆறு அவர்களை இழுத்துப்போவது அடிமை முறை இன்னும் கொடுமையாக இருந்த தென்பகுதிக்கு.

நாவலைச் செவ்வியல் பீடத்தில் ஏற்றிவைத்த பக்கம் 31ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஜிம் இருக்கும் இடத்தைச் சொல்லி மிஸ் வாட்சனுக்கு ஹக் ஒரு கடிதம் எழுதுகிறான். எழுதியதும் பாவம் கழுவப்பட்டதுபோல் அவன் மனம் லேசாகிறது. பிறகு ஆற்றில் ஜிம்மோடு கழிந்த இரவுகளை நினைத்துப் பார்க்கிறான். 'சரி, நான் நரகத்துக்கே போகிறேன்' என்று கடிதத்தைக் கிழித்துப்போடுகிறான். இந்த இடத்தின் வலிமை எதில் இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். அடிமை முறை தவறு என்ற முடிவுக்கு ஹக் வரவே இல்லை. ஓர் அடிமை தப்பிக்கத் துணைபோவது திருட்டு, பாவம், நரகத்துக்கு வழி என்று ஊரும் தேவாலயமும் சொல்லிக்கொடுத்ததை அவன் முழுதாக நம்புகிறான். நம்பிக்கொண்டேதான் அந்தப் பாவத்தைச் செய்கிறான். அவனுக்குப் புரியாதது வாசகருக்குப் புரிய வேண்டும். அங்கதம் முழுவதும் அந்த இடைவெளியில் நிற்கிறது.

பள்ளியில் முதலில் இடறுவதும் இதே இடத்தில்தான். 'டாம் சாயரின் சாகசங்கள்' நாவலின் தொடர்ச்சியாக வந்ததால் இது சிறுவர் நூல் என்று பெயர் வாங்கிவிட்டது. கதைசொல்லி சொல்வது ஒன்று, ஆசிரியர் உணர்த்துவது வேறொன்று என்ற நுட்பம் 12 வயதில் பலருக்குப் பிடிபடாது. 32ஆம் அத்தியாயத்தில் ஹக் ஒரு பொய் சொல்கிறான்: வந்த கப்பலில் ஏதோ வெடித்துவிட்டதாம். யாருக்காவது அடிபட்டதா என்று, அவன் போய்ச் சேர்ந்த ஃபெல்ப்ஸ் பண்ணை வீட்டின் சாலி அத்தை கேட்கிறாள். இல்லை, ஒரு கறுப்பன் செத்தான் என்று அந்த வசைச்சொல்லைப் போட்டுச் சொல்கிறான் ஹக். நல்ல வேளை, சில சமயம் ஆட்களுக்கு அடிபட்டுவிடும் என்கிறாள் அவள். இரண்டே வரியில் ஒரு சமூகத்தின் நெஞ்சை ட்வெய்ன் கீறிக் காட்டுகிறார். ஆனால் வகுப்பில் நாலு பேர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தால், அறையில் இருக்கும் ஒரே கறுப்பின மாணவருக்கு அங்கதம் எதுவும் கேட்காது. அந்தச் சிரிப்புதான் கேட்கும்.

இந்த நாவல் பெரிய அளவில் பாடமானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. நவீன அமெரிக்க இலக்கியம் முழுவதும் இந்த ஒரு புத்தகத்திலிருந்தே வருகிறது என்று நாவலாசிரியர் ஹெமிங்வே 1935இலேயே எழுதியிருந்தார். திறனாய்வாளர் லயனல் டிரில்லிங் 1948இலும் கவிஞர் டி. எஸ். எலியட் 1950இலும் எழுதிய முன்னுரைகள் அதை உச்சிக்கு ஏற்றின. ஆற்றைத் தெய்வமாகவும், ஹக்கின் மனசாட்சியைத் தேசத்தின் மனசாட்சியாகவும் வாசித்த காலம் அது. திறனாய்வாளர் ஜோனதன் அராக் 1997இல் வெளியிட்ட நூலில் இதன் பின்னணியை விளக்கினார்: ஒரு வெள்ளைச் சிறுவன் தன் இனவெறியைத் தாண்டி வருகிறான் என்ற கதை, அமெரிக்கா தன்னைப் பற்றி நம்ப விரும்பிய கதையாக இருந்தது. அந்த நம்பிக்கைக்குச் சான்றாக நாவல் நிறுத்தப்பட்டதால், அதில் குறை சொன்னவர்கள் இலக்கியம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டார்கள்.

1954இல் பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதுவரை வெள்ளையர் மட்டுமே இருந்த வகுப்புகளில் கறுப்பினப் பிள்ளைகள் வந்து உட்காரத் தொடங்கினார்கள். பாடநூல் பட்டியலில் இந்த நாவல் காத்திருந்தது. 1957 செப்டம்பரில் நியூயார்க் நகரக் கல்வி வாரியம் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிப் பாடநூல் பட்டியலிலிருந்து இதை எடுத்தது. அதே மாதம்தான் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பின மாணவர்கள் ராணுவப் பாதுகாப்போடு பள்ளிக்குள் நுழைந்தார்கள். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தால்தான் நாவல் மீதான வழக்கு ஏன் அப்போது திசைமாறியது என்பது விளங்கும். நாவலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அந்த வசைச்சொல்லை ஆசிரியர் உரக்கப் படிக்கும்போது வகுப்பின் தலைகள் யார் பக்கம் திரும்புகின்றன என்பது மாறிவிட்டது.

இதற்குள் வாசிப்பின் கேள்வியும் ஹக்கிடமிருந்து ஜிம்மிடம் நகர்ந்திருந்தது. கறுப்பின எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் 1958இல் எழுதிய கட்டுரையில், வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கோமாளிகளாக ஆடிக்காட்டிய மேடை மரபை எடுத்துக்கொண்டார். அந்தக் கோமாளி முகமூடியைத்தான் ட்வெய்ன் ஜிம்முக்கு மாட்டினார்; அந்த முகமூடிக்குப் பின்னாலிருந்துதான் ஜிம்மின் மனிதமும் வெளிப்படுகிறது என்றார் எலிசன். முகமூடியை ஏற்றியதில் ட்வெய்ன் மட்டும் பங்காளி அல்ல. முதல் பதிப்பில் ஈ. டபிள்யூ. கெம்பிள் வரைந்த 174 படங்கள் உண்டு. ஹக்குக்கும் ஜிம்முக்கும் மற்ற எல்லாருக்கும் அவர் முன் மாதிரியாக நின்றது ஒரே ஒரு வெள்ளைக்காரச் சிறுவன். எழுத்தில் தந்தையாகவும் கணவனாகவும் வளரும் ஜிம், படத்தில் கேலிச்சித்திரமாகவே நிற்கிறான். பழைய படங்களோடு இன்றும் பதிப்புகள் வருகின்றன. பாடமாக எடுப்பவர்கள் எந்தப் பதிப்பை வாங்குகிறோம் என்று பார்த்து வாங்குவது நல்லது.

முகமூடி கழன்று விழும் இடம் 23ஆம் அத்தியாயம். விடியற்காலையில் ஜிம் தலையை முழங்காலுக்கு நடுவே புதைத்துக்கொண்டு முனகுகிறான். அவனுடைய மகள் எலிசபெத்துக்கு 4 வயது. செங்காய்ச்சல் வந்து தேறியவள். கதவைச் சாத்து என்று ஜிம் சொல்ல, அவள் புன்னகையோடு பார்த்தபடி நிற்கிறாள். சொல்பேச்சு கேட்காத திமிர் என்று நினைத்து அறைந்துவிடுகிறான். பிறகு காற்றில் அவள் முதுகுக்குப் பின்னால் கதவு படாரென்று அடிக்கிறது. குழந்தை அசையவே இல்லை. காய்ச்சலில் அவளுக்குக் காது போயிருந்தது. இதைச் சொல்லி முடிக்கும் ஜிம், தன்னைத் தானே மன்னிக்கவே முடியாது என்கிறான். இந்த ஒரு பக்கத்தை எழுதியவர் ஜிம்மை முழு மனிதனாகக் காணவில்லை என்று யாரும் சொல்ல முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் இப்படிப்பட்ட பக்கங்கள் நாவலில் கொஞ்சம்தான் என்பதும் உண்மை.

முடிவுப் பகுதியில் சிக்கல் உச்சத்துக்குப் போகிறது. 43 அத்தியாயங்களில் கடைசி 12, ஃபெல்ப்ஸ் பண்ணையில் நடக்கின்றன. மோசடிக்காரன் ஒருவன் விற்றுவிட, அங்கே அடைக்கப்பட்டிருக்கும் ஜிம்மை மீட்க ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்து சேர்கிறான். கதவைத் திறந்து அழைத்துப்போக வேண்டியவனை, கதைப் புத்தகத்தில் வரும் சிறைக்கைதிபோல் நடத்தி, எலியையும் பாம்பையும் அவன் குடிசைக்குள் விட்டு, வாரக்கணக்கில் விளையாடுகிறான். மிஸ் வாட்சன் இரண்டு மாதத்துக்கு முன்பே இறந்துபோனாள், உயிலில் ஜிம்முக்கு விடுதலை எழுதிவைத்தாள், டாமுக்கு அது முதலிலிருந்தே தெரியும் என்பதெல்லாம் கடைசியில் வெளிவருகிறது. 1884–85 குளிர்காலத்தில் ஊர் ஊராகப் போய் மேடை வாசிப்பு நடத்தியபோது ட்வெய்ன் இந்தப் பகுதியையும் படித்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஹெமிங்வேயோ, ஜிம் திருடப்படும் இடத்தோடு வாசிப்பை நிறுத்திக்கொள்ளச் சொன்னார். மீதி ஏமாற்று என்றார்.

பின்னாளில் கறுப்பினத் திறனாய்வாளர்கள் சிலர் இதே அத்தியாயங்களை வேறு வெளிச்சத்தில் பார்த்தார்கள். ட்வெய்ன் நாவலைத் தொடங்கியது 1876இல், முடித்தது 1883இல். அடிமை முறை 1865இலேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனால் 1877இல் தென்மாநிலங்களிலிருந்து மத்திய அரசின் படைகள் விலகியதும், விடுதலை பெற்றவர்களைச் சில்லறைக் குற்றம் சாட்டிக் கைதிகளாக்கி, தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விடும் முறை வேகமாகப் பரவியது. ஏற்கெனவே சுதந்திரமான மனிதனை மறுபடி பூட்டிவைத்து, அவன் விடுதலையை வைத்து விளையாடுவது ஃபெல்ப்ஸ் பண்ணையில் நடக்கும் கதை மட்டுமல்ல, நாவல் எழுதப்பட்ட ஆண்டுகளின் நடப்பும்கூட. சார்ல்ஸ் நைலன் முன்வைத்த இந்த வாசிப்பு, 1992இல் வெளியான ஒரு கட்டுரைத் தொகுப்பில் இடம்பெற்றது. இதை ஏற்றுக்கொண்டால் முடிவின் எரிச்சலே அதன் பொருளாகிறது. ஆனாலும் ஜிம்முக்கு நேரும் அவமானத்தைப் படிக்கும் பிள்ளைக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் படித்தால் வெறும் கேலிதான் மிஞ்சும்.

ஜிம்மின் கண்ணோடு படித்தால் தட்டுப்படும் ஒரு சிறு கணக்கும் உண்டு. 16ஆம் அத்தியாயத்தில் அடிமை பிடிப்போர் இருவர், தெப்பத்தில் அம்மை நோயாளி இருப்பதாக நம்பி, ஆளுக்கு ஒரு 20 டாலர் தங்கக் காசை ஹக்கிடம் விட்டுப்போகிறார்கள்: 40 டாலர். 31இல் 'ராஜா' என்று சொல்லித் திரியும் மோசடிக்காரன் ஜிம்மை விற்பது 40 டாலருக்கு. கடைசியில், பொறுமையான கைதியாக இருந்ததற்காக டாம் ஜிம்மின் கையில் வைப்பதும் 40 டாலர்தான். ஹக்கின் மனசாட்சியை மட்டும் தொடர்ந்து போகும் வாசகர் இந்த மூன்று தொகைகளையும் சேர்த்து எண்ணியிருக்க மாட்டார்.

2011இல் அலபாமாவின் நியூசவுத் பதிப்பகம் ஒரு புதிய பதிப்பைக் கொண்டுவந்தது. ட்வெய்ன் ஆய்வாளர் ஆலன் கிரிப்பன், வசைச்சொல் வந்த 219 இடங்களிலும் 'அடிமை' என்று மாற்றினார். அந்தச் சொல்லுக்காகவே பள்ளிகள் நாவலைக் கைவிடுகின்றன, ஒரு சொல்லை மாற்றினால் நாவல் வகுப்புக்குத் திரும்பும் என்பது அவர் வாதம். நோக்கத்தில் குறை காண முடியாது. வேலையில் கோளாறு இருக்கிறது. 'அடிமை' என்பது சட்டம் தந்த நிலை. சட்டம் நினைத்தால் அது போய்விடும். வசைச்சொல்லோ தோலின் மேல் ஒட்டப்பட்டது, விடுதலையானாலும் போகாது. 6ஆம் அத்தியாயத்தில் ஹக்கின் தந்தை ஓஹையோவிலிருந்து வந்த ஒரு கறுப்பரைப் பார்த்துப் பொருமுகிறான்: வெள்ளைச் சட்டை, தங்கக் கடிகாரமும் சங்கிலியும், கல்லூரிப் பேராசிரியர், பல மொழி தெரிந்தவர், ஓட்டும் போடலாம். அந்த மனிதர் அடிமை அல்ல; அதுதான் குடிகாரனுக்குப் பொறுக்கவில்லை. அங்கே 'அடிமை' என்று போட்டால் வாக்கியமே உடைந்துவிடும். சாலி அத்தை காட்சியிலும் அதே கதி. அடிமை செத்தான் என்றால் யாரோ ஒரு முதலாளிக்கு நட்டம் என்று பொருள் வந்துவிடும். ஆளே சாகவில்லை என்று அவள் நினைக்கும் கொடுமை மறைந்துபோகும்.

சொல்லை நீக்காமல் கற்பிப்பது எப்படி என்பதில் அமெரிக்கப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு நடைமுறை உருவாகியிருக்கிறது. 1990-களில் நியூ ஜெர்சியின் செர்ரி ஹில் பகுதியில் கறுப்பினப் பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தபோது, பெற்றோரும் ஆசிரியர்களும் பேராசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாடத்திட்டம் வகுத்தார்கள். நாவலை 8ஆம் வகுப்பில் கொடுக்காமல் 11ஆம் வகுப்புக்குத் தள்ளுவது, நாவலைத் திறக்கும் முன்பே வசைச்சொல்லின் வரலாற்றுக்கு ஒரு வகுப்பை ஒதுக்குவது, சொல்லை உரக்கப் படிப்பதா தாண்டிப்போவதா என்று முதலிலேயே பேசி முடிவெடுப்பது, ஜிம்மின் வசனத்தைப் படிக்கக் கறுப்பின மாணவரை ஒருபோதும் எழுப்பாமல் இருப்பது, பிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றை முன்னதாகவோ கூடவோ படிப்பது ஆகியவை இப்போது பரவலாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் மற்றவை பாதிப் பயன்தான் தரும். அடிமையாக இருந்தவர் தன் குரலில் எழுதியதைப் படித்த மாணவருக்கு, ஜிம்மின் குரல் வேறொருவர் எழுதிக்கொடுத்தது என்பது சொல்லாமலே தெரியும்.

அரிசோனாவின் டெம்பி பகுதியில் ஒரு தாய் தொடுத்த வழக்கில் 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கியமான கோட்டைக் கிழித்தது. ஒரு நாவல் இனவெறி கொண்டது என்ற வாதத்தின் பேரில் நீதிமன்றம் அதைப் பாடத்திலிருந்து எடுக்கச் சொல்லாது. ஆனால் சக மாணவர்கள் அதே சொல்லால் ஒரு மாணவியைத் துன்புறுத்தி, பள்ளி அது தெரிந்தும் சும்மா இருந்தால், பள்ளி பதில் சொல்லியே ஆக வேண்டும். புத்தகத்தைப் பற்றிய சண்டைகளில் பெரும்பாலும் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிப்போகின்றன. கறுப்பின நாவலாசிரியர் டோனி மாரிசன் இந்த நாவலுக்கு 1996இல் எழுதிய முன்னுரையில், நாவலைத் தடைசெய்யும் முயற்சிகள் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைவிடப் பெரியவர்களைத் திருப்திப்படுத்தவே பயன்படுகின்றன என்றார். அதே முன்னுரையில், சிறுவயதில் இதைப் படித்தபோது தனக்குள் மூண்ட அச்சத்தையும் மறைக்காமல் எழுதினார். அவர் நாவலைக் காப்பாற்றவும் இல்லை, கைவிடவும் இல்லை. தன் வாசிப்பை அதன் பக்கத்தில் வைத்தார்.

2024இல் பெர்சிவல் எவரெட் எழுதிய 'ஜேம்ஸ்' நாவல், இந்தக் கதையை ஜிம்மே சொல்வதாக வந்து, அந்த ஆண்டின் தேசியப் புத்தக விருதையும் 2025இன் புலிட்சர் பரிசையும் பெற்றது. அதில் அடிமைகள் தங்களுக்குள் திருத்தமான ஆங்கிலம் பேசுகிறார்கள். வெள்ளையர் வரும் ஓசை கேட்டால் மட்டும் கொச்சைக்கு மாறிக்கொள்கிறார்கள். ட்வெய்ன் தன் நாவலின் தொடக்கக் குறிப்பில் 7 வகைப் பேச்சு வழக்குகளைக் கவனமாகக் கையாண்டிருப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த உழைப்பையே எவரெட் எடுத்து, அந்தப் பேச்சு யாருக்காகப் பேசப்பட்டது என்று கேட்கிறார்.

தமிழில் இந்த நாவலைக் கொண்டுவர நினைப்பவருக்கு இந்த வழக்கு வேறு வடிவில் வந்து நிற்கும். வசைச்சொல்லுக்கு 'நீக்ரோ' என்று போட்டால் போதாது. ஆங்கிலத்தில் அது 1960-கள் வரை மரியாதைச் சொல்லாகவே வழங்கியது. 'கறுப்பன்' என்றால் நமக்கு அது பெயர், காவல் தெய்வம், செல்லமாகக் கூப்பிடும் சொல், சுடாது. கிரிப்பன் வழியில் 'அடிமை' என்று போனால், அடியேன், அடியார் என்று பக்தியில் ஊறிய சொல் அது. தமிழில் அந்த அளவுக்குச் சுடும் சொற்கள் சாதியின் பெயரால் வீசப்படுபவைதான். அவற்றில் ஒன்றை எடுத்தால் ஜிம் மிசிசிப்பிக் கரையிலிருந்து நம் ஊர்க் காலனிக்கு வந்துவிடுவான். அவனுடைய கொச்சைக்கு எந்த வட்டாரத்தின், எந்தத் தெருவின் பேச்சைக் கொடுக்கிறோமோ, அந்தத் தெருவில் பிறந்த ஒருவரும் இந்த மொழிபெயர்ப்பை வாங்கிப் படிப்பார். மொழிபெயர்ப்பாளர் தன் முன்னுரையில் எந்தச் சொல்லைத் தேர்ந்தோம், ஏன் தேர்ந்தோம் என்று அவருக்கு விளக்கியாக வேண்டும்.